௹: கணக்கேட்டிலிருந்து கணினிக்கு வந்த ரூபாய்க் குறி



தமிழில் ரூபாய்க்கென்று தனிக் குறி ஒன்று உண்டு. இதோ: ௹. 'ரூ' என்ற எழுத்தை எழுதி அதன் வாலை விட்டுவிடாமல் இழுத்துச் சுழித்தது போல இருக்கும். உங்கள் திரையில் அந்த இடத்தில் வெறும் கட்டம் தெரிந்தால் கவலை வேண்டாம். கட்டம் ஏன் வருகிறது என்பதையும் இந்தக் கட்டுரையிலேயே பார்த்துவிடலாம்.

படிவம் 4, படிவம் 5 மாணவர்களுக்கு இந்தக் குறியை வெண்பலகையில் எழுதிக் காட்டினால், "ஆசிரியர், எழுத்துப் பிழை!" என்றுதான் முதலில் குரல் வருகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாடநூலில் பார்க்காததை அவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்? ஆனால் அவர்களுடைய பாட்டனாரின் தலைமுறையில் கடை வைத்திருந்தவரும் கடன் கொடுத்தவரும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பார்கள். இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு குறி எப்படிக் காணாமல் போகிறது? கணினியில் அதற்கு இடம் கிடைத்த பிறகும் ஏன் நம் கைக்கு வரவில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

எட்டுக் குறிகள்

௹ தனியாக வந்த குறியன்று. கணக்கிலும் பத்திரத்திலும் கடிதத்திலும் அடிக்கடி வரும் சொற்களைச் சுருக்கி எழுத நம் முன்னோர் சில குறிகளை வைத்திருந்தார்கள். இன்று கணினியில் இடம்பெற்றிருப்பவை எட்டு. குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

௳ – நாள்
௴ – மாதம்
௵ – வருடம்
௶ – பற்று
௷ – வரவு
௸ – மேற்படி
௹ – ரூபாய்
௺ – எண்

இவற்றை ஏன் உண்டாக்கினார்கள்? ஓலையில் எழுத்தாணியால் எழுதுவது மெதுவான வேலை. ஓலையின் அகலமும் குறைவு. ஒரு நாளில் நூறு வரி கணக்கு எழுதுகிறவர் நூறு முறை 'வருடம்', 'மாதம்', 'மேற்படி' என்று முழுசாக எழுதிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் எழுத்துகளைச் சேர்த்து, வளைத்து, ஒரே இழுப்பில் முடித்தார்கள். ஓலை போய்க் காகிதம் வந்த பிறகும் கணக்குப்பிள்ளைகளின் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

நடைமுறையில் எப்படி வரும் என்பதற்கு நானே ஒரு வரி அமைத்துக் காட்டுகிறேன்:

ஆங்கீரச௵ சித்திரை௴ ௫௳ கந்தன் ௶ ௹ ௰௫. ௸யார் ௷ ௹ ௫.

இதை வாய்விட்டுப் படித்தால்: 'ஆங்கீரச வருடம் சித்திரை மாதம் ஐந்தாம் நாள், கந்தன் பற்று ரூபாய் பதினைந்து, மேற்படியார் வரவு ரூபாய் ஐந்து.' அதாவது கந்தன் 15 ரூபாய் வாங்கியிருக்கிறார், 5 ரூபாய் கட்டியிருக்கிறார், இன்னும் 10 ரூபாய் பாக்கி. ஆங்கீரச வருடம் 1932-இல் தொடங்கியது. ஒரே வரியில் நாளும் ஆளும் கடனும் அடங்கிவிட்டன. ஆனால் இந்தக் குறிகள் தெரியாத ஒருவருக்கு அது வெறும் கிறுக்கல்தான்.

மலையில் வெள்ளி, ஊரில் ரூபாய்

"நம்ம நாட்டில் ரிங்கிட் தானே, ரூபாய்க் குறி நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

முதலில் ஒரு செய்தி. 1867 வரை நீரிணைக் குடியேற்றங்களில் சட்டப்படி செல்லும் காசு இந்திய ரூபாய்தான். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய ஆட்சியோடு இணைந்திருந்ததால் வந்த நிலை அது. ஆனால் சந்தையில் மக்கள் நம்பியது ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி நாணயங்களைத்தான். 1867-இல் அவை நேரடியாக லண்டன் ஆட்சிக்கு மாறியபோது ரூபாய் விலகி டாலர் நிலைத்தது. தமிழர்கள் அந்த டாலரை 'வெள்ளி' என்று அழைத்தார்கள். இன்றும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறோம்.

இனி நம் மலைக்கு வருவோம். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியைப் பற்றிக் குறித்து வைத்தார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவைச் சீராக்கி, செடி ஊன்றி, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்களுக்குக் கூலி வெள்ளியில். ஆனால் ஊரில் வைத்துவிட்டு வந்த கடன் ரூபாயில். தங்கை கல்யாணச் செலவும் ரூபாயில்தான், நிலத்தை மீட்கவேண்டிய பணமும் ரூபாயில்தான். அவர்கள் மனசுக்குள் இரண்டு கணக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

அந்த இரண்டு கணக்கையும் நாம் இன்று போட்டுப் பார்க்கலாம். 1906 முதல் ஒரு வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டப்பட்டிருந்தது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக ஒரு வெள்ளி 28 பென்ஸ். 1927 முதல் ஒரு ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். 28-ஐ 18-ஆல் வகுத்தால் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 56 பைசா வருகிறது. (அன்றைக்கு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. புரிவதற்காக இன்றைய கணக்கில் சொல்கிறேன்.) அப்படியானால் ஊரில் 100 ரூபாய்க் கடனை அடைக்க இங்கே ஏறத்தாழ 64 வெள்ளி 29 காசு வேண்டும். ஒரு நாள் கூலி அரை வெள்ளி என்று வைத்துக்கொண்டால், சாப்பாட்டுக்கு ஒரு காசும் எடுக்காமல் 129 நாள் வேலை செய்யவேண்டும்.

கணக்கேட்டில் '௹ ௱' என்று இரண்டே குறி. ௱ என்றால் நூறு. அந்த இரண்டு குறிக்குப் பின்னால் நான்கு மாதத்துக்கு மேலான பெரட்டும், பனியும், முதுகில் கூடையும் இருக்கின்றன. வரலாற்றுப் பாடத்தில் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கை மாணவர்களைப் போடச் சொல்லுங்கள். நீண்ட விளக்கத்தைவிட அது சீக்கிரம் மனசில் இறங்கும்.

தோட்டத்து அலுவலகத்தில் கிராணி எழுதிய செக்ரோல் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்க் கணக்கு வேறு இடங்களில் ஓடியது. மலாயாவின் பட்டணங்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் வட்டித் தொழில் செய்தன. பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்று அவர்களுடைய கணக்குமுறை முழுக்கத் தமிழ். மளிகைக் கடைக்காரரின் நோட்டிலும் கங்காணியின் கையிருப்புக் கணக்கிலும் ஊரிலிருந்து வந்த கடிதத்திலும் தமிழ்தான். இந்த எட்டுக் குறிகளும் புழங்கியது அப்படிப்பட்ட தாள்களில்தான்.

விசையில்லாத குறி

பிறகு என்ன நடந்தது? பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. பள்ளிக்கூடம் வந்தது, அங்கே கணக்குப் பாடம் 1, 2, 3 என்ற எண்களில் நடந்தது. கணக்கெழுதும் வேலை ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் மாறியது. தமிழ் எண்களின் புழக்கம் குறைந்தபோது அவற்றோடு ஒட்டியிருந்த குறிகளும் சேர்ந்தே குறைந்தன.

இன்னொரு காரணம் இயந்திரம். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்தவர். நம் மண்ணோடு தொடர்புடைய பெயர் என்பதால் மாணவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. அவருக்கு முன்னால் இருந்த சிக்கலை யோசித்துப் பாருங்கள். தமிழ் எழுத்துகள் 247. பொறியில் இருப்பதோ சில பத்து விசைகள். கொம்பு, கால், சுழி எல்லாவற்றையும் பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்து அடிக்கும்படி அமைத்தால்தான் மொழியையே உள்ளே கொண்டுவர முடியும். அந்த நெருக்கடியில் ஒரு குறிக்குத் தனி விசை ஒதுக்குவது பெரிய ஆடம்பரம். 'ரூ' அடித்து ஒரு புள்ளி வைத்தால் வேலை முடிந்தது. அப்படித்தான் 'ரூ.' என்பது பழக்கமாகி நிலைத்தது. கையால் எழுதும்போது ௹ நேரத்தை மிச்சப்படுத்தியது. பொறியில் அடிக்கும்போது அதே குறி சுமையானது.

கதவு எண் 3065

கணினி வந்தபோது முதலில் நடந்தது பெருங்குழப்பம். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையை உருவாக்கினார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வேறு பலர் முயன்றார்கள். ஒவ்வொருவருடைய எழுத்துருவிலும் எழுத்துகள் உட்கார்ந்திருந்த இடம் வேறு. ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறிக் கிடக்கும். பழைய வினாத்தாள்களைத் திறந்து பார்த்த ஆசிரியர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும், இல்லையா? இதைச் சீராக்கத்தான் 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2001-இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. தமிழ்99 விசைப்பலகை சென்னை மாநாட்டின் விளைவு.

இன்னொரு பக்கம் யூனிகோடு, அதாவது ஒருங்குறி. இதை மாணவர்களுக்குச் சொல்ல எளிய வழி, நீண்ட லயன் வீடுகளை நினைத்துக்கொள்ளச் சொல்வது. உலகத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கதவு எண். அந்த எண் எந்த நாட்டிலும், எந்தக் கருவியிலும் மாறாது. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 கதவுகள் ஒதுக்கப்பட்டன: 2944 முதல் 3071 வரை. ஆனால் எல்லாக் கதவுக்குப் பின்னாலும் ஆள் இல்லை. உயிரும் மெய்யும் துணைக்குறிகளும் குடியேறின. தமிழ் எண்களும் பத்து, நூறு, ஆயிரத்துக்கான குறிகளும் குடியேறின. கணக்குக் குறிகள் வெளியே நின்றன.

அவற்றுக்கு இடம் கிடைத்தது 2003 ஏப்ரலில் வந்த யூனிகோடு 4.0 பதிப்பில். ௳ முதல் ௺ வரை எட்டும் வரிசையாக 3059 முதல் 3066 வரை அமர்ந்தன. ரூபாய்க் குறியின் கதவு எண் 3065. தமிழ்ச் சுழியத்துக்கு (௦) இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது, 2005-இல் 4.1 பதிப்பில் அது வந்தது.

இந்த எட்டில் ௹ மட்டும் ஒரு விதத்தில் தனி. யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை குறிக்கிறது. மற்ற ஏழும் பொதுக் குறிகள். ௹ மட்டும் 'நாணயக் குறி' என்ற வகையில் இருக்கிறது. டாலர், பவுண்டு, யென் குறிகளுக்கு இருக்கும் அதே தகுதி.

சேமிக்கும்போது என்ன ஆகிறது? இணையத்தில் பரவலாக இருக்கும் யூடிஎஃப்-8 முறையில் ௹ மூன்று பைட்டாகப் பதிகிறது: 224, 175, 185. 'ரூ' என்று எழுதினால் 'ர' ஒரு கதவு, ஊகாரத் துணைக்குறி இன்னொரு கதவு. ஆக ஆறு பைட்டு. ஓலையில் இடத்தை மிச்சம் பிடித்த அதே குறி கணினியிலும் பாதி இடத்தை மிச்சம் பிடிக்கிறது.

அர்மீனியாவின் திராம், இந்தியாவின் ₹

வேறு நாடுகளில் எப்படி நடந்தது என்று ஒப்பிட்டால் நம் நிலை தெளிவாகத் தெரியும்.

அர்மீனியா சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த சிறு நாடு. அந்த மக்களுக்கும் தமிழ் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. உலகின் முதல் அர்மீனிய இதழ் அச்சானது சென்னையில், 1794-இல். அந்த நாடு 1993 நவம்பரில் 'திராம்' என்ற தன் நாணயத்தை வெளியிட்டது. அதற்கான குறி அவர்களுடைய சொந்த எழுத்திலிருந்து பிறந்தது: திராமின் முதலெழுத்தை எடுத்து, அதன் மேல் இரண்டு கிடைக்கோடு போட்டார்கள். ஆனால் அந்தக் குறி யூனிகோடில் நுழைந்தது 2012 ஜனவரியில், 6.1 பதிப்பில். கதவு எண் 1423. நாணயம் பிறந்து 18 ஆண்டுக்குப் பிறகு! அதுவரை கணினியில் அந்தக் குறிக்கு உலகப் பொது எண் இல்லை.

இந்தியாவின் ₹ கதை நேர்மாறு. 2010 ஜூலை 15 அன்று இந்திய அரசு அந்தக் குறியை ஏற்றது. வடிவமைத்தவர் உதயகுமார் என்ற தமிழர். அதே ஆண்டு அக்டோபரில் வந்த யூனிகோடு 6.0 பதிப்பில் 8377 என்ற எண் கிடைத்துவிட்டது. மூன்றே மாதம். பின்னாலேயே எழுத்துருக்கள் வந்தன, விசைப்பலகையில் விசை வந்தது, நாணயத்திலும் பணத்தாளிலும் அச்சானது. அரசு கையில் எடுத்தால் வேகம் எப்படி இருக்கும் என்பதற்கு அது சான்று.

இப்போது ௹-ஐ வைத்துப் பாருங்கள். ₹-க்கு ஏழு ஆண்டு முந்தியே கதவு எண் வாங்கிவிட்டது. ஆனாலும் அதைத் தட்டச்சு செய்யத் தெரிந்த தமிழர் எத்தனை பேர்?

காரணம் இதுதான். ஒரு குறி கணினியில் வாழ நான்கு படி ஏற வேண்டும். முதல் படி எண். இரண்டாம் படி எழுத்துரு: அந்த எண்ணுக்குரிய உருவத்தை யாராவது வரைந்து வைத்திருக்க வேண்டும். மூன்றாம் படி விசை: அதை அடிக்க ஒரு வழி வேண்டும். நான்காம் படி கை: எழுதவும் படிக்கவும் தெரிந்த மனிதர்கள் வேண்டும். ₹ நான்கையும் ஏறிவிட்டது. ௹ முதல் படியில் உறுதியாக நிற்கிறது, இரண்டாம் படியில் ஓரளவு நிற்கிறது. மூன்றாவது தடுமாற்றம், நான்காவது காலி. யூனிகோடு குழு முதல் படியைத்தான் தர முடியும். நான்காம் படி வகுப்பறையில் இருக்கிறது.

2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தன் நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் ₹-க்குப் பதிலாக 'ரூ' என்ற எழுத்தைப் போட்டது. இந்தியா முழுவதும் பெரிய விவாதம் நடந்தது. அதன் அரசியலுக்குள் நான் போகவில்லை. மாணவர்கள் ஒரு வேறுபாட்டை மட்டும் தெரிந்துகொள்ளட்டும்: இலச்சினையில் வந்தது 'ரூ' என்ற உயிர்மெய் எழுத்து, ௹ என்பது வேறு, அது நாணயக் குறி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12.0 பதிப்பு தமிழுக்குக் கூடுதலாக ஒரு பகுதி தந்தது. அதில் 51 குறிகள். முந்திரி (320-இல் ஒரு பங்கு) போன்ற பின்னங்களும், அளவைக் குறிகளும், காசு, பணம், பொன், வராகன் என்ற பழைய நாணயங்களின் குறிகளும் அதில் இருக்கின்றன. பழைய கணக்கேட்டை அப்படியே கணினியில் ஏற்ற இப்போது எண் அளவில் பெரிய தடை இல்லை.

சரி, எப்படி அடிப்பது?

ஆசிரியர்கள் வினாத்தாளிலும் பயிற்றியிலும் பயன்படுத்த ஐந்து வழிகள்.

1. மிக எளிது: இந்தக் கட்டுரையிலிருந்தே ௹-ஐ நகலெடுத்து ஒட்டுங்கள். அடிக்கடி வேண்டுமென்றால் எட்டுக் குறிகளையும் ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள்.

2. மைக்ரோசாஃப்ட் வேர்டில்: ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலப்பக்க எண்பலகையில் 3065 என்று அடித்து விடுங்கள். மேல்வரிசை எண்களில் இது நடக்காது. நம்லாக் எரிந்துகொண்டிருக்க வேண்டும். ₹ வேண்டுமென்றால் 8377.

3. எண்பலகை இல்லாத மடிக்கணினியில்: 0, பி, எஃப், 9 என்ற நான்கையும் ஆங்கில விசைப்பலகையில் சேர்த்து அடித்து, உடனே ஆல்ட்டோடு எக்ஸ் அழுத்துங்கள். இது 3065-இன் பதினாறடிமான வடிவம். 11-ஐ 256-ஆல், 15-ஐ 16-ஆல் பெருக்கி, 9-ஐக் கூட்டிப் பாருங்கள், 3065 வரும். கணித ஆசிரியரோடு சேர்ந்து நடத்த நல்ல பாடம்.

4. எக்செல்லில்: யூனிகேர் என்ற சார்பினுள் 3065 என்று கொடுத்தால் குறி வரும்.

5. கைப்பேசியில்: விசைப்பலகை அமைப்பில் சொற்சுருக்கம் சேர்க்கும் வசதி இருக்கும். 'ரூகு' என்று அடித்தால் ௹ வரும்படி ஒருமுறை அமைத்துவிடுங்கள். வேர்டின் தானியங்கித் திருத்தத்திலும் இதே ஏற்பாடு செய்யலாம். அதன்பிறகு எண்ணே நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

இனி அந்தக் கட்டம். ௹ வரவேண்டிய இடத்தில் கட்டம் வந்தால், எழுத்து அழிந்துவிட்டது என்று பொருளில்லை. கதவு எண் சரியாகவே இருக்கிறது; நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் அந்த எண்ணுக்கு உருவம் வரையப்படவில்லை, அவ்வளவுதான். எழுத்துருவை மாற்றினால் குறி தோன்றும். 2019-இல் வந்த குறிகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற இலவச எழுத்துரு இருக்கிறது. ஆனால் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த கோப்பாக இருந்தால் கதை வேறு. அதன் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள். முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு குறியைச் சேருங்கள்.

ரிங்கிட்டுக்கு ௹ போடலாமா?

கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. ஆர்வத்தில் சில மாணவர்கள் போட்டுவிடுவார்கள். ௹ ரூபாய்க்கு மட்டும். நம் நாணயத்துக்கு எழுத்துச் சுருக்கம்தான் வழக்கம்: ரி.ம. கட்டுரையில் எழுதும்போது 'ஐம்பது ரிங்கிட்' என்றே எழுதுங்கள். சிறுகதை உரையாடலில் 'அம்பது வெள்ளி' என்று வந்தால் அழகுதான்.

மலேசிய டாலர் 1967-இல் வந்தது. 1975-இல் 'ரிங்கிட்' என்பது அதிகாரப்பூர்வப் பெயரானது. இப்போதுள்ள ஆர்.எம். என்ற சுருக்கம் 1993 முதல் டாலர் குறிக்குப் பதிலாக வந்தது. அந்த மலாய்ச் சொல்லுக்கு 'விளிம்பில் பல் பல்லாக இருப்பது' என்று பொருள். பழைய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் விளிம்பைப் பார்த்து வந்த பெயர். 'ரூபாய்' எங்கிருந்து வந்தது? வெள்ளியைக் குறிக்கும் 'ரூப்ய' என்ற வடசொல்லிலிருந்து. நம் 'வெள்ளி'யோ நேராகவே வெள்ளி. மூன்று மொழி, மூன்று பெயர், எல்லாம் ஒரே உலோகத்தைச் சுற்றித்தான். சொல்வரலாறு கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

பணத்தாளில் தமிழ் எண் இன்றும் வாழும் நாடு ஒன்று உண்டு: மொரிசியஸ். அங்கே தாள்களில் மதிப்பு தமிழ் எண்ணிலும் அச்சாகிறது. 1998-இல் வந்த புதிய தாள்களில் தமிழ் வரிக்கு முன்னால் இந்தி வரியை வைத்தபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டது. அந்தத் தமிழர்களில் பலருக்கு வீட்டில் பேசும் மொழி கிரியோல். ஆனாலும் தாளில் இருக்கும் எழுத்து தங்களுடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வகுப்பில் என்ன செய்யலாம்?

இந்தக் குறிகள் தேர்வில் வரும் என்று நான் சொல்லவில்லை. எஸ்.பி.எம். விடைத்தாளில் மதிப்பெண்ணுக்காக யாரும் ௹ எழுத வேண்டாம். வழக்கமான நடையிலேயே எழுதுங்கள். ஆனால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எழுத வேண்டியவை வேறு, படிக்கத் தெரியவேண்டியவை வேறு.

ஏன் வேண்டும் என்றால், நேரம் குறைவு. தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து குடும்பங்கள் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய தாள்கள்: அட்டை கிழிந்த கணக்கு நோட்டு, ஊர்க் கடிதம், அடகுச் சீட்டு, கோயில் வரவு செலவு. படிக்கத் தெரியாத தாளை யார் பத்திரப்படுத்துவார்கள்? மேலே நாம் பார்த்த கந்தன் வரியைப் போன்ற ஒரு வரி, யார் எப்போது எவ்வளவு கடன்பட்டார், எப்படி மீண்டார் என்று சொல்லும். தோட்டத் தமிழரின் வரலாற்றை ஆங்கிலேயரின் அறிக்கையிலிருந்தே படித்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் தாங்களே எழுதியது அந்த நோட்டுகளில் இருக்கிறது.

ஆகவே ஒரு பணித்திட்டம். மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களின் அனுமதியோடு பழைய கணக்குத் தாள் ஒன்றைப் படம் எடுத்து வரட்டும். எட்டுக் குறிகளில் எவை அதில் இருக்கின்றன என்று தேடட்டும். கிடைத்த வரியை இன்றைய தமிழில் விரித்து எழுதட்டும். பிறகு யூனிகோடில் அப்படியே தட்டச்சு செய்யட்டும். எழுத்து, வரலாறு, கணினி மூன்றும் ஒரே பாடத்தில் வந்துவிடும்.

பயிற்சிக்கு மூன்று கேள்விகள்:

1. ஸ்ரீமுக௵ தை௴ ௨௰௳ ௸யார் ௷ ௹ ௱௨௰௫. இதை விரித்து எழுதுக.
2. ௴ குறியின் யூனிகோடு எண் 3060. ௸ குறியின் எண் என்ன?
3. 1 வெள்ளி 28 பென்ஸ், 1 ரூபாய் 18 பென்ஸ் என்றால், ஊருக்கு ௹ ௫௰ அனுப்ப எத்தனை வெள்ளி வேண்டும்?

விடைகள்: 1. ஸ்ரீமுக வருடம் தை மாதம் இருபதாம் நாள் மேற்படியார் வரவு ரூபாய் நூற்று இருபத்தைந்து. 2. 3064. 3. ஏறத்தாழ 32 வெள்ளி 14 காசு.

மூன்றாவது கேள்விக்கு விடை எழுதிய பிறகு, அரை வெள்ளிக் கூலியில் அது எத்தனை நாள் உழைப்பு என்று கேளுங்கள். 64 நாளுக்கு மேல் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.